உடையார்குடிக் கல்வெட்டைப் படிக்கும் முறை

சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுத வரும் மாணவர் பெரும்பாலும் முடிவைக் கையில் வைத்துக்கொண்டே வருகிறார். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' அந்த வேலையை முன்பே செய்துவிட்டது. நாவலை ஒதுக்கிவிடு என்று சொல்வது எளிது. அடிக்குறிப்பில் நிற்கும் வரலாற்று நூல்களைக் கேள்வி கேட்கப் பழக்குவதுதான் கடினம். பத்து நூல்கள் ஒன்றைச் சொன்னால் பத்துச் சான்றுகள் கிடைத்துவிட்டதாக மாணவர் நம்புகிறார். அவற்றின் வழியே பின்னோக்கிப் போனால், கொலையாளிகளைப் பெயர் சொல்லிக் குறிக்கும் சான்றாக வந்து நிற்பது ஒன்றுதான்: காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில், முதலாம் இராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டில் வெட்டப்பட்டதாகக் கொள்ளப்படும் கல்வெட்டு.

அந்தக் கல்வெட்டு கொலையைப் பதிவு செய்ய எழுந்ததன்று. துரோகிகளின், அவர்தம் உறவினரின் சொத்து பற்றி வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு வந்த அரசாணையையும், அந்த நிலத்தை ஒருவர் விலைக்கு வாங்கி அறத்துக்கு எழுதிவைத்ததையும் சொல்லும் ஆவணம் அது. நிலம் வந்த வழியை விளக்கும்போதுதான் சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்ற பெயர்கள் வருகின்றன. இதனாலேயே அந்தப் பெயர்களை நான் நம்புகிறேன். ஒரு நில ஆவணத்துக்குக் கொலையாளிகளைக் கற்பிக்க வேண்டிய தேவை இல்லை. ஆனால் இதே காரணத்தால், கொலையின் நோக்கத்தையோ தூண்டியவரையோ அதனிடம் கேட்கவும் முடியாது.

இராஜராஜனுக்கு முன் ஆண்ட அவன் சிற்றப்பன் உத்தம சோழன் மீது வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி கொண்ட ஐயம் இந்த இடத்தில்தான் நுழைகிறது. கொலைக்கும் இந்த ஆணைக்கும் இடையே உத்தமனின் ஆட்சிக்காலம் முழுவதும் கிடக்கிறது; அவன் ஏன் தண்டிக்கவில்லை? கேள்வி நியாயமானது. ஆனால் இதுதான் முதல் தண்டனை என்று கல்வெட்டு சொல்லவில்லை. மற்றொரு வரலாற்றாசிரியர் சதாசிவ பண்டாரத்தார் உத்தமனுக்குக் கொலையில் பங்கில்லை என்றே வாதிட்டார். ரவிதாசனின் 'பஞ்சவன் பிரமாதிராஜன்' பட்டத்தைக் கொண்டு பாண்டியரின் பழிவாங்கல் என்பாரும் உண்டு. பஞ்சவன் பாண்டியரைக் குறிக்கும் பெயர்தான். ஆயினும் இராஜராஜனின் தேவியருள் ஒருவர் பஞ்சவன் மாதேவி. பரமேஸ்வரனின் பட்டமோ 'இருமுடிச்சோழ பிரமாதிராஜன்'. ஒரு பட்டத்தை வைத்து ஒருவரின் விசுவாசத்தை அளக்க முடியாது.

இப்படி எல்லாவற்றையும் சந்தேகித்தால் வரலாறே மிஞ்சாது என்ற மறுப்பு எழும். சந்தேகம் எல்லாச் சான்றின் மீதும் ஒரே அளவில் விழ வேண்டியதில்லை என்பதே என் பதில். திருவாலங்காட்டுச் செப்பேடு, ஆதித்தன் விண்ணுலகைக் காணும் ஆவலில் மறைந்ததாகப் பாடுகிறது. மக்கள் அவன் தம்பி அருள்மொழியை (பின்னாளைய இராஜராஜனை) அரசனாக வேண்டியும், சிற்றப்பனுக்கு ஆசை உள்ளவரை தனக்கு அரியணை வேண்டாம் என்று அவன் விலகியதாகவும் சொல்கிறது. அது அந்த அருள்மொழியின் மகன் இராஜேந்திரன் காலத்து வம்சப் புகழ்ச்சி. கொலை நடந்த விதத்துக்கு அது சான்றாகாது. அரியணை உரிமையை அந்தக் குடும்பம் எப்படிச் சொல்ல விரும்பியது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது. முதுகலை மாணவருக்கு இதெல்லாம் எட்டாது என்பதும் சரியன்று. உடையார்குடிக் கல்வெட்டின் வாசகம் 'எபிகிராபியா இண்டிகா' 21ஆம் தொகுதியில் அச்சாகியிருக்கிறது. ஒரு மாலைப்பொழுதில் படித்து முடிக்கலாம்.