கற்பவர் இல்லாத சங்கம்: அமெரிக்க மரபுத் துப்பாக்கிச் சங்கங்களில் சேர்தலும் விலகலும்

ஒருவர் ஏன் ஓர் அமைப்பில் சேர்கிறார், ஏன் விலகுகிறார் என்ற கேள்வியைச் சமூக அறிவியல் பெரும்பாலும் தொழிற்சங்கம், கட்சி, கூட்டுறவு போன்றவற்றை வைத்தே கேட்டு வந்திருக்கிறது. பிழைப்போடும் அதிகாரத்தோடும் நேரடித் தொடர்பில்லாத சங்கங்களில் அதே கேள்விக்கு வேறு விடை கிடைக்கக்கூடும். சந்தா கட்டாமல் விட்டால் யாருக்கும் வேலை போவதில்லை. ஊர் விலக்கு வைப்பதில்லை. இவ்வளவு எளிதாக விலக முடிகிற இடத்தில் விலகுகிறவர் எதை மறுத்துப் போகிறார்? அமெரிக்காவின் மஸில்லோடர் சங்கங்களை வைத்து இதைப் பார்க்கலாம்.

மஸில்லோடர் என்பது குழலின் வாய் வழியாக மருந்தையும் குண்டையும் இட்டு, கோலால் கெட்டித்துச் சுடும் துப்பாக்கி. அதன் உள்ளூர் உறவான நாட்டுத் துப்பாக்கியைத் தமிழ்நாட்டு வாசகர் பெரும்பாலும் வனத்துறை வழக்குச் செய்திகளில்தான் சந்தித்திருப்பார். அமெரிக்காவில் அதற்குத் தேசியச் சங்கமும் தனி இதழும் ஆண்டுதோறும் இரு பெரும் போட்டிகளும் உண்டு.

என் வாதம் இதுதான். மரபுத் துப்பாக்கிச் சங்கத்துக்கு ஆளைக் கொண்டுவருவது தனியாக இருந்து எளிதில் கற்க முடியாத ஒரு கைப்பழக்கம். சலுகையும் பழம்பெருமை உணர்வும் அதற்கு அடுத்த இடத்தில்தான். ஆகவே உறுப்பினர் எண்ணிக்கையைக் கூட்ட நினைத்து, அந்தப் பழக்கமே தேவைப்படாத துப்பாக்கிக்குக் கதவைத் திறக்கும் சங்கம் இரண்டு பக்கமும் இழக்கிறது. புதியவருக்கு அங்கே கற்க ஒன்றுமில்லை. பழையவருக்குக் கற்பிக்க ஆளில்லை.

தொடக்கத்தைப் பார்ப்போம். 20ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியிலும் டென்னசி, கென்டக்கி மலைப்பகுதிகளில் நீண்ட குழல் ரைஃபிள் முற்றிலும் வழக்கொழிந்துவிடவில்லை. ஒரு மாட்டைப் பங்குகளாக்கி, நன்றாகச் சுட்டவருக்கு நல்ல பங்கு என்று பந்தயம் வைப்பார்கள். முதல் உலகப்போரின் புகழ்பெற்ற வீரரான ஆல்வின் யார்க் இத்தகைய பந்தயங்களில் கை தேர்ந்தவர். ஆனால் அந்தத் துப்பாக்கிகளைச் செய்த கொல்லர்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருந்தார்கள். 1931இல் ஒஹாயோவின் போர்ட்ஸ்மத்தில் ஆர்வலர்கள் கூடி ஒரு போட்டி நடத்தினார்கள். அதன் தொடர்ச்சியாக 1933இல் தேசிய மஸில்லோடிங் ரைஃபிள் சங்கம் உருவானது. 1939 முதல் ‘மஸில் பிளாஸ்ட்ஸ்’ இதழ் வருகிறது. இந்தியானாவின் ஃபிரெண்ட்ஷிப் என்ற சிற்றூரில் சங்கத்துக்குச் சொந்தமான சுடுதளம் இருக்கிறது. அந்த இடத்துக்கு, இந்தத் துப்பாக்கியைப் பற்றி 1942இல் நூல் எழுதிய வால்ட்டர் கிளைனின் பெயர். நிறுவியவர்களின் கவலை ‘கற்றுக்கொடுக்க ஆளிருக்கும்போதே கற்றுக்கொள்ள வேண்டும்’ என்பதாகவே இருந்திருக்க வேண்டும் என்று இந்த வரிசையிலிருந்து ஊகிக்கிறேன்.

பின்னர் கூட்டம் பெருகியதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1898வரை செய்யப்பட்ட பழந்துப்பாக்கிகளையும் அவற்றின் நகல்களையும் பெரும்பாலும் தன் பிடிக்கு வெளியே வைத்தது. 1976இல் நாட்டின் இருநூறாவது ஆண்டு விழா வந்தபோது முன்னோர் காலத்துப் பொருள்கள் மீது பொதுவாகவே ஆசை பெருகியிருந்தது. இவ்வாறு வந்தவர்களில் எத்தனை பேர் துப்பாக்கிக்காக வந்தார்கள், எத்தனை பேர் மான்தோல் சட்டைக்காக வந்தார்கள் என்று கேட்பது குறும்பான கேள்விதான், ஆனால் அவசியமானது. விழா முடிந்ததும் சட்டைக்காக வந்தவர்கள் போய்விடுவார்கள். அந்த விலகலைச் சங்கத்தின் தோல்வியாகக் கணக்கெழுதுவது தவறு.

பயன் கருதிச் சேர்கிறார்கள் என்ற விளக்கத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். மேன்சர் ஓல்சன் 1965இல் சொன்னது நன்கு அறியப்பட்டது: ஓர் அமைப்பு போராடிப் பெறும் பொதுப்பயன் உறுப்பினரல்லாதவருக்கும் கிடைப்பதால், பகுத்தறிவோடு கணக்குப் போடுகிறவர் சந்தா கட்டமாட்டார், அவரைச் சேர்க்க உறுப்பினருக்கு மட்டுமே கிடைக்கும் தனிப்பயன் ஏதாவது வேண்டும். மஸில்லோடர் உலகில் இதற்கு அச்செடுத்தாற்போல ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1970இல் வந்த வெடிபொருள் சட்டம், தனியாள் உரிமமின்றி வாங்கக்கூடிய கருமருந்தின் அளவை 5 பவுண்டாகக் குறுக்கியது. ஆர்வலர்கள் விடாமல் முறையிட்டார்கள். 1975 தொடக்கத்தில் கையெழுத்தான திருத்தம் அதை 50 பவுண்டாக்கியது. இதன் பயன், ஒரு நாளும் எந்தச் சங்கத்துக்கும் ஒரு டாலர்கூடத் தராதவருக்கும் சமமாகவே போய்ச் சேர்ந்தது. ஓல்சன் கணக்குப்படி அதன் பிறகு சங்கங்கள் காலியாகியிருக்க வேண்டும். காலியாகவில்லை. இதழ், காப்பீடு, சுடுதளத்தில் இடம் ஆகிய தனிப்பயன்கள் சிலரைப் பிடித்து வைத்திருக்கலாம். ஆனால் சில நூறு மைல் காரோட்டி வந்து, கூடாரமடித்து, ஒரு வாரம் புகையில் நிற்பவரை இதழ்ச் சந்தாவைக் கொண்டு விளக்க முடியாது.

அவரை விளக்க, துப்பாக்கி சுடப்படும் விதத்தைப் பார்க்க வேண்டும். மருந்தை அளந்து குழலில் கொட்ட வேண்டும். எண்ணெயோ எச்சிலோ நனைத்த துணித் துண்டில் ஈயக் குண்டைப் பொதிந்து வாயில் வைத்து அழுத்தி, கோலால் அடிவரை இறக்க வேண்டும். பிறகு பொறிக்குப் பக்கத்துக் கிண்ணத்தில் பொடிமருந்து கொஞ்சம். விசையை இழுத்தால் சக்கிமுக்கிக் கல் எஃகில் உரசிப் பொறி பறக்கும். கிண்ணத்து மருந்து பற்றி, சிறு துளை வழியே தீ உள்ளே போகும். விசைக்கும் வெடிக்கும் நடுவில் சற்று நேரம் உண்டு. அந்த நேரத்தில் கண்முன் எரியும் தீக்குக் கை அசையக்கூடாது.

இவற்றைப் புத்தகத்தில் படிக்கலாம். ஆனால் குண்டு அடியில் போய் உட்கார்ந்ததைக் கோல் கைக்குச் சொல்லும் விதத்தைப் படிக்க முடியாது. குண்டு மருந்தின் மேல் படியாமல் நடுவழியில் நின்றால் சுடும்போது குழல் புடைத்துக்கொள்ளும், சில வேளை கிழிந்தும்விடும். மருந்துக் குடுவையிலிருந்து நேராகக் குழலில் கொட்டக்கூடாது என்பது சுடுதளங்களில் எல்லாம் முதலில் சொல்லப்படும் விதி. முந்தைய வேட்டின் கனல் உள்ளே உறங்கிக்கொண்டிருந்தால் கையிலிருக்கும் குடுவை முழுவதும் வெடிக்கும். அதனால்தான் தனி அளவையில் எடுத்துக் கொட்டுகிறார்கள். கருமருந்து எரிந்தபின் அதில் பாதிக்கு மேல் திடக்கசடாக மிஞ்சும். சில வேட்டுக்குப்பின் குண்டு இறங்க மறுக்கும். அந்தக் கசடு ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும் என்பதால் அன்றே தண்ணீர் விட்டுக் கழுவியாக வேண்டும். ஈரக்காற்று, துணியின் கனம், கல்லின் முனை என்று ஒவ்வொன்றும் மாறும். மாறும்போது பக்கத்தில் ஒருவர் நின்று ‘கல்லைத் திருப்பிப் போடு’ என்று சொல்ல வேண்டும். வேதியியலராக இருந்து மெய்யியலுக்கு வந்த மைக்கேல் போலன்யி இத்தகைய அறிவு வகுத்துரைக்க முடியாதது, ஆசானோடு இருந்து பார்த்துப் பழகுவதன் வழியாகவே கைமாறக்கூடியது என்றார். சங்கம் இங்கே விற்பது அந்தப் பக்கத்தில் நிற்கும் ஆளைத்தான். ஓல்சனின் சொல்லில் அதுவே தனிப்பயன். வந்து நிற்காதவருக்கு அது கிடைக்க வழியில்லை.

இதை ஒப்புக்கொண்டால் 1985இல் நேர்ந்தது விளங்கும். அந்த ஆண்டு மிசூரியைச் சேர்ந்த துப்பாக்கிக் கொல்லர் டோனி நைட் ‘எம்கே-85’ என்ற ரைஃபிளைக் கொண்டுவந்தார். இதில் தீயூட்டும் பொறி பக்கவாட்டில் இல்லாமல் குழலுக்கு நேர் பின்னால் இருந்தது. இன்லைன் என்ற பெயர் அதனால் வந்தது. அந்த அமைப்பு முற்றிலும் புதியதல்ல, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவிலேயே மாதிரிகள் உண்டு. ஆனாலும் சந்தையைப் புரட்டிப் போட்டது இதுதான். பல மாநிலங்கள் மஸில்லோடர் வேட்டைக்கென்று தனிப் பருவம் ஒதுக்கியிருந்தன. கூடுதல் நாள் வேட்டை வேண்டும், கல்லோடும் கசடோடும் மல்லுக்கட்ட விருப்பமில்லை என்பவர்களுக்கு இன்லைன் கைகொடுத்தது. நாளடைவில் வில்லைகளாக அழுத்திய மாற்று மருந்தும், ஷாட்கன் தோட்டாவுக்கான 209 பிரைமர் என்ற தீயூட்டியும், பிளாஸ்டிக் உறைக்குள் பொதிந்த நவீன குண்டும், தொலைநோக்கியும் சேர்ந்துகொண்டன. கடையில் வாங்கி, கையேட்டைப் படித்து, மறுநாளே மான் வேட்டைக்குப் போகலாம். பக்கத்தில் யாரும் நிற்க வேண்டியதில்லை.

சங்கங்களுக்குள் எழுந்த சண்டை ‘இது மரபா?’ என்ற சொற்களில் நடந்தது. என் பார்வையில் அது பிழையான கேள்வி. நகலெடுத்த ரைஃபிளும் ஒருவகையில் புதியதுதான். முன்னோர் காலத்து மான்தோல் சட்டையை 1970களில் தைத்துப் போட்டவரும் புதுமைதான் செய்தார். மரபு என்பது பல வேளை அண்மையில் செய்யப்பட்டது என்று ஹாப்ஸ்பாமும் ரேஞ்சரும் 1983இல் காட்டியதை இந்தச் சங்கங்களுக்குப் பொருத்துவது மிக எளிது. அந்த எளிமையே அதன் குறை. எல்லைப்புற வெள்ளை வேட்டைக்காரனின் உருவத்தை நடுவில் வைத்து, ஹட்சன் விரிகுடா நிறுவனத்திடமிருந்து தோல் கொடுத்துத் துப்பாக்கி வாங்கிய பூர்வகுடி மக்களை ஓரத்தில் நிறுத்துகிறது என்று இந்தச் சங்கங்கள் போற்றும் மரபு நினைவை விமர்சிக்கலாம், விமர்சிக்கவும் வேண்டும். ஆனால் நினைவு பொய்யென்று காட்டியதால் கைப்பழக்கம் பொய்யாகிவிடாது. கேட்டிருக்க வேண்டிய கேள்வி: இந்தத் துப்பாக்கியைப் பயன்படுத்த இன்னொரு மனிதர் தேவைப்படுகிறாரா?

கதவைத் திறப்போம் என்றவர்களை மரபறியாதவர்கள் என்று தள்ளிவிடுவதும் நியாயமல்ல. தொலைநோக்கி கேட்டவர்களில் இளைஞரின் அவசரம் மட்டுமா இருந்தது? நாற்பதைத் தாண்டியவருக்குப் பின்குறியும் முன்குறியும் இலக்கும் ஒரே நேரத்தில் தெளியாது. முப்பது ஆண்டு உறுப்பினர் ஒருவர் கண் மங்கியதால் விலக நேர்வதைப் பார்த்துக்கொண்டு, விதியை மட்டும் காப்பாற்றுவதில் ஒரு கடுமை இருக்கிறது. கையால் செய்த நல்ல ரைஃபிள் ஆயிரக்கணக்கான டாலர், இன்லைன் சில நூறு டாலர் என்பதும் உண்மை. வேட்டையில் ஈயக் குண்டுக்கு 2019 முதல் முழுத் தடை விதித்த கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் பழைய முறைக்கு மாற்று உலோகம் தேட வேண்டிய தொல்லை வேறு.

இருந்தாலும் திறந்த கதவு எதிர்பார்த்ததைத் தராது. ஏன் என்பதை ஆல்பர்ட் ஹிர்ஷ்மனின் 1970 நூலைக் கொண்டு காணலாம். தரம் தாழும் அமைப்பில் இருப்பவருக்கு வெளியேறுவது, குரல் கொடுப்பது என்று இரு வழிகள். எதை எடுப்பார் என்பதைப் பற்றுறுதி தீர்மானிக்கும். அவர் சொன்னவற்றில் இங்கே முக்கியமானது வேறொன்று: தரத்தைப் பற்றி மிகுந்த அக்கறை உள்ளவர்களே, வேறிடம் இருந்தால், முதலில் வெளியேறுகிறார்கள், குரல் கொடுக்கக்கூடியவர்களும் அவர்கள்தான் என்பதால் அமைப்பு தன் மருத்துவரை முதலில் இழக்கிறது. மஸில்லோடர் சங்கத்தில் அந்த முதல் ஆள் ஆசான். அவர் போனதும் கற்க வந்தவருக்கும் இருக்கக் காரணமில்லை. பெயரிலேயே மரபை ஏந்திய ட்ரெடிஷனல் மஸில்லோடிங் அசோசியேஷன் போன்ற புதிய அமைப்புகள் எழுந்ததை இப்படித்தான் வாசிக்க வேண்டும். அங்கே வெளியேறுதலே குரலாகிறது. பெரும்பாலோர் அந்த அளவுக்கும் போவதில்லை. சந்தாச் சீட்டு வரும், மேசையில் கிடக்கும், புதுப்பிக்கப்படாது. ராஜினாமா கடிதம் எழுதுகிறவரை நம்பலாம், அவரிடம் இன்னும் பற்று மிச்சமிருக்கிறது.

எல்லையைக் கறாராக வைத்த அமைப்புகள் வேறு பாடம் சொல்கின்றன. 1950இல் தொடங்கிய நார்த்-சவுத் ஸ்கர்மிஷ் சங்கம் உள்நாட்டுப் போர்க் காலத்து ஆயுதங்களோடு அணி அணியாகச் சுடுகிறது. தனியாள் அங்கே அணி வழியாகத்தான் உள்ளே வருகிறார், அவர் விலகினால் ஓர் அணியில் இடம் காலியாகிறது. 1968இல் உருவான அமெரிக்கன் மவுன்டன் மென், பரிந்துரைக்க ஓர் உறுப்பினர் இல்லாமல் யாரையும் சேர்ப்பதில்லை. படிநிலைகளில் ஏறக் காட்டில் வாழ்ந்து காட்ட வேண்டும். 1971 முதல் இயங்கும் அனைத்துலக மஸில்லோடர் குழுவோ பழந்துப்பாக்கிக்கு ஒரு பிரிவு, நகலுக்கு ஒரு பிரிவு என்று போட்டியைப் பிரித்துவைத்து, பொருளைப் பற்றிய சச்சரவைப் பட்டியலுக்குள் அடக்கிவிட்டது. முதல் இரண்டிலும் சேர்க்கையின் விலை இன்னொரு மனிதரோடு கட்டுப்படுவது. மூன்றாவதில் பொருள்தான் அளவுகோல். முன்னிரண்டும் பெரிய கூட்டமாக வளரவில்லை என்று யாரேனும் குறை சொன்னால், வளர்வது அவற்றின் நோக்கமாகவே இருந்ததில்லை என்பதே பதில்.

என் வாதத்துக்குக் கடினமான சோதனை சட்டமே எல்லையைக் காக்கும் இடங்களில் இருக்கிறது. பென்சில்வேனியா 1974 முதல் கிறிஸ்துமஸுக்குப் பிந்தைய தன் மான் பருவத்தில் சக்கிமுக்கிப் பொறி மட்டுமே என்று வைத்திருக்கிறது. ஐடஹோ தன் மஸில்லோடர் பருவத்தில் 209 பிரைமரையும் வில்லை மருந்தையும் விலக்குகிறது. கொலராடோ வில்லையோடு தொலைநோக்கியையும் பிளாஸ்டிக் உறையையும் சேர்த்து விலக்குகிறது. அந்தப் பருவங்களில் வேட்டைக்குப் போக விரும்புகிறவர், மரபில் துளி அக்கறையில்லாதவரானாலும், தளர்மருந்தை அளந்து கெட்டிக்கப் பழகியே ஆக வேண்டும். நான் சொல்வது சரியென்றால், அத்தகைய மாநிலங்களின் உள்ளூர்ச் சங்கங்களுக்கு இத்தகைய கட்டுப்பாடு இல்லாத மாநிலங்களைவிடக் கற்க வருபவர் அதிகம் இருக்க வேண்டும், வந்தவர் அதிக காலம் தங்கவும் வேண்டும். சங்கங்களின் சந்தாப் பதிவேடுகளை மாநில வாரியாக எடுத்து, வேட்டை விதி மாறிய ஆண்டுகளோடு வைத்துப் பார்த்தால் இதை நிறுவலாம், அல்லது மறுக்கலாம்.