ஆண்டாப் ஹில் குவார்ட்டர்ஸில் ஒரு மாசி மாதம்

சிவராத்திரியோடு குளிர் "சிவ சிவா" என்று ஓடிவிடும் என்பது நம் பாட்டிமார்கள் சொல்லிவந்த கணக்கு. மும்பையில் குளிர் ஏது என்று சென்னை, கும்பகோணம் அங்கத்தினர்கள் சிரிக்கக்கூடும். சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 1962 ஜனவரி 22 அன்று 7.4 டிகிரி செல்ஷியஸ் பதிவாகியிருக்கிறது என்பதை அவர்களுக்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். அவ்வளவு குளிரை நான் பார்த்ததில்லை. ஆனால் தை பிறந்து மாசி முடியும் வரை, விடியற்காலையில் ஒரு சால்வை தேவைப்படும் அந்த இரண்டு மாதங்கள்தாம் மும்பைவாசிக்கு வீட்டில் நிம்மதியாக உட்காரக் கிடைக்கும் காலம்.

சரித்திரம் என்றாலே அரசர்கள், போர்கள், தலைவர்கள் என்று எண்ணுகிறோம். முப்பத்தெட்டு வருஷம் மத்திய சர்க்காரில் கோப்புகளோடு வாழ்ந்தவன் நான். எந்தக் கோப்பிலும் ஏறாத சரித்திரம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது என்பது ஓய்வு பெற்ற பிறகே எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் அது மூன்று பொருள்களைச் சுற்றியது: கொல்லையில் மண், அத்தையின் ஊசி, வாசலில் ஒரு நாய்.

பிளேக் தந்த பேட்டை

1978 முதல் 2010 வரை நாங்கள் இருந்தது ஆண்டாப் ஹில் மத்திய அரசு ஊழியர் குடியிருப்பில். ஒரு பக்கம் வடாலா, மறு பக்கம் சயான் கோலிவாடா, நடந்து போனால் கிங்ஸ் சர்க்கிள். காய்கறிக்கும் வாழை இலைக்கும் உதிரிப் பூவுக்கும் மாட்டுங்கா மார்க்கெட்.

அந்த மாட்டுங்கா உருவானதற்கே ஒரு நோய்தான் காரணம். 1896 செப்டம்பரில் மாண்ட்வி பகுதியில் பிளேக் தோன்றியது. நெருக்கடியான குடியிருப்புகளில் அது காட்டுத்தீயாகப் பரவியது. வால்டெமார் ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி பம்பாயிலேயே பிளேக் தடுப்பூசி தயாரித்து, 1897 ஜனவரியில் முதலில் தம் உடம்பிலேயே போட்டுப் பரிசோதித்துக்கொண்டார். பரேலில் இன்றும் அவர் பெயரால் நிறுவனம் இருக்கிறது. காற்றும் வெளிச்சமும் இல்லாத வீடுகளே நோயை வளர்க்கின்றன என்று கருதி, 1898இல் பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்ட் அமைக்கப்பட்டது. தாதர், மாட்டுங்கா, வடாலா பகுதிகளில் அகலமான சாலைகள், மரங்கள், ஐந்து தோட்டங்கள் என்று திட்டமிட்டு நிலத்தைப் பிரித்தது அந்த டிரஸ்ட்தான். பிற்பாடு நம்மவர்கள் பிழைப்பைத் தேடி வந்து குடியேறியது அந்த நிழலில்தான். 1932இல் சௌத் இண்டியன் எஜுகேஷன் சொஸைட்டி தொடங்கும் அளவுக்கு அங்கே நம் ஜனத்தொகை பெருகிவிட்டது.

கொல்லையில் ஒரு பரிசோதனை

எங்களுக்குக் கிடைத்தது தரைத்தளம். பின்புறம் பத்தடிக்கு எட்டடி மண். கொசு வருகிறது, எலி வருகிறது என்று பலர் வேண்டாம் என்ற இடம். என் தகப்பனாரின் தங்கை, எங்கள் அத்தை, அதைப் பார்த்த அன்றே, "கொல்லை இருக்கா? அப்போ இது ஆம்தான்" என்று சொல்லிவிட்டாள்.

தோட்டக்கலைக்கும் அந்தப் பிரதேசத்துக்கும் பழைய உறவு உண்டு. பக்கத்திலுள்ள சிவ்ரியில், மேற்கிந்திய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒரு தோட்டம் வைத்திருந்தனர். 1865 வாக்கில் அந்த இடம் கிறிஸ்தவர்களின் கல்லறைத் தோட்டமாயிற்று. நகரத்தின் தாவரத் தோட்டம் பைகுல்லாவில் அமைந்தது. 1862இல் திறக்கப்பட்ட விக்டோரியா கார்டன்ஸ்தான் இன்று நாம் ராணி பாக் என்று அழைக்கும் வீரமாதா ஜிஜாபாய் போஸ்லே உத்யான்.

எங்கள் தோட்டத்தில் துளசி மாடம், பாரிஜாதம், தூதுவளை, கறிவேப்பிலை, நாலு தொட்டி சாமந்தி. ஒரு வருஷம் விசித்திரம் ஒன்று நடந்தது. சுவர் ஓரம் இருந்த இரண்டு தொட்டிகள் கார்த்திகையிலேயே மொட்டு விட்டன. தெருவிளக்கின் கீழிருந்த இரண்டும் இலையாகவே வளர்ந்துகொண்டிருந்தன. மார்கழி முழுவதும் அந்த விளக்கு எரியவில்லை. மாசியில் அந்த இரண்டு தொட்டிகளும் குலுங்கக் குலுங்கப் பூத்தன. அத்தை அது சுவாமி கடாக்ஷம் என்றாள். பி.எஸ்ஸி. படித்த நான் விடுவேனா? கார்னர், அல்லார்ட் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் 1920இலேயே இதை விளக்கிவிட்டார்கள், பகலின் நீளமே பூப்பதை நிர்ணயிக்கிறது, சாமந்திக்கு நீண்ட இடையறாத இருட்டு வேண்டும், விளக்கு வெளிச்சம் அதைக் கெடுத்துவிட்டது என்று சொன்னேன். அத்தை பூவைப் பறித்தபடியே, "அந்த இருட்டை யார் கொடுத்தா?" என்று கேட்டாள். பதில் சொல்லவில்லை.

ஊசியும் நூலும்

அத்தை பத்தொன்பது வயதில் கணவரை இழந்தவள். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்ணின் கதி என்ன என்பது நம் சமூகத்தில் மூத்தவர்களுக்குத் தெரியும். மூடி மறைக்க வேண்டியதில்லை. சமையற்கட்டும் கொல்லையும்தான் உலகம். கையில் ஒரு காசு கிடையாது.

அந்த இருட்டில் விளக்கேற்றியவர்களில் முதன்மையானவர் சகோதரி சுப்பலக்ஷ்மி (1886–1969). பதினோரு வயதில் விதவையான அவர், 1911இல் சென்னை பிரெஸிடென்ஸி கல்லூரியில் பட்டம் பெற்றார். 1912இல் சாரதா லேடீஸ் யூனியனைத் தோற்றுவித்தார். இளம் விதவைகளுக்குத் தங்குமிடமும் படிப்பும் தந்து ஆசிரியைகள் ஆக்கினார். பம்பாயில் அதற்கும் முன்பே, 1889இல், பண்டித ரமாபாய் சௌபாத்தியில் சாரதா ஸதன் ஆரம்பித்தார். 1908இல் பெஹ்ராம்ஜி மலபாரியும் தயாராம் கிதுமலும் ஸேவா ஸதனைத் தொடங்கினர். இதுபோன்ற ஸ்தாபனங்கள் பலவற்றிலும் தையல் வகுப்பு உண்டு. காரணம் எளிது. வீட்டை விட்டு வெளியே போகாமலே பெண் சம்பாதிக்கக்கூடிய தொழில் அது ஒன்றுதான். இன்னும் பின்னால் போனால், நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற பாதிரியார் மனைவி 1820களில் ஏழைப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்ததைக் காணலாம்.

என் தாத்தாவுக்கு இந்தப் புரட்சியெல்லாம் தெரியாது. ஆனால் ஊரார் பேச்சைப் பொருட்படுத்தாமல் பெண்ணைத் தையல் வகுப்புக்கு அனுப்பினார். பிறகு ஒரு உஷா மிஷின் வாங்கிக் கொடுத்தார். ஐஸக் சிங்கர் அமெரிக்காவில் தையல் மிஷினுக்குப் பேடன்ட் பெற்றது 1851இல். இயந்திர மோகத்தைக் கண்டித்த காந்தியடிகளே, 1924இல், சிங்கர் மிஷினை மட்டும் விதிவிலக்காகச் சொன்னார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்க்கச் சகியாத அன்பில் பிறந்த கருவி என்பது அவர் சொன்ன காரணம்.

குளிர்கால மத்தியானங்களில் அத்தை கொல்லைப்படியில் வெயிலுக்கு முதுகு காட்டி உட்கார்வாள். வட்டச் சட்டத்தில் துணியை இறுக்கி, சங்கிலித் தையல், காம்புத் தையல், பிரெஞ்சு முடிச்சு என்று தலையணை உறைகளில் பூ மலரும். பஞ்சாபி மாமிகள் கம்பளி பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். பதிலுக்கு அத்தை ரவிக்கைக்கு வெட்டக் கற்றுக்கொடுத்தாள். பாஷை இரு தரப்புக்கும் அரைகுறை. குடியிருப்பில் பாதிப் பேரின் ரவிக்கை அவள் தைத்தது. எங்கள் பெண்ணின் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதி அந்த மிஷினிலிருந்து வந்தது. என் சம்பளச் சீட்டில் அது இல்லை. ஆகவேதான் இங்கே எழுதிவைக்கிறேன்.

பத்து நாள்

இனி நாய். பம்பாயில் நாய்க்காகக் கலகமே நடந்திருக்கிறது. 1832இல் தெருநாய் ஒன்றைக் கொன்றால் எட்டணா என்று ஆங்கிலேய அதிகாரிகள் கொடுத்துவந்தார்கள். காசுக்காக வீட்டு நாய்களையும் பிடிக்கத் தொடங்கினார்கள். நாயைப் புனிதமாகக் கருதும் பார்ஸிகள் ஜூன் 6ஆம் தேதி கோட்டைப் பகுதியில் திரண்டெழுந்தார்கள். நகரம் ஸ்தம்பித்தது. பிற்காலத்தில் ஒரு பார்ஸி குடும்பமே, ஸர் தின்ஷா பெட்டிட் மனைவி பெயரால், பரேலில் பாய் ஸகர்பாய் மிருக ஆஸ்பத்திரிக்கு உதவிற்று.

எங்கள் வீட்டுக்கு நாய் வந்தது விருப்பத்தினால் அல்ல, பயத்தினால். 1983, சிவராத்திரி கழிந்து நாலாம் நாள். ஐந்து வயதுப் பையனை விளையாட்டு மைதானத்தில் ஒரு பழுப்பு நாய்க்குட்டி கணுக்காலில் கடித்துவிட்டது. அன்றைக்கு இருந்த மருந்து, டேவிட் ஸெம்பிள் கஸௌலியில் 1911இல் உருவாக்கிய, ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த தடுப்பூசி. வயிற்றில், தினம் ஒன்றாக, பதினாலு வரை போடுவார்கள். அபூர்வமாக அந்த ஊசியே நரம்பைப் பாதித்துப் பக்கவாதம் வருவதுண்டு என்பதை நான் படித்திருந்தேன். வீட்டில் சொல்லவில்லை.

டாக்டர், "ஊசியை ஆரம்பிப்போம். ஆனால் அந்த நாயைத் தப்பவிடாதீர்கள். பத்து நாள் அது நன்றாக இருந்தால் பயமில்லை, மீதி ஊசியும் வேண்டாம்" என்றார். காரணம், ரேபிஸ் கிருமி நாயின் உமிழ்நீரில் வருவது அதற்கு நோய் வெளிப்படச் சில நாட்கள் முன்புதான். கடித்தபோது உமிழ்நீரில் கிருமி இருந்திருந்தால் பத்து நாளுக்குள் நாய் பிழைத்திருக்காது.

குட்டியைப் பிடித்துக் கொல்லையில் கட்டினோம். கிட்டப் போக என் மனைவிக்குப் பயம். எனக்கும்தான். ஆசாரம் பார்க்கும் அத்தை இதைச் சகிக்க மாட்டாள் என்று தயங்கியபடி அவளிடம் சொன்னேன்.

"ஏண்டா, அது உசிரோட இருந்தாத்தானே குழந்தைக்கு ஊசி நிக்கும்? அதுக்குச் சோறு போட ஆள் வேண்டாமா? தள்ளு" என்று தயிர் சாதத்தோடு எழுந்து போனாள்.

நீண்ட கரண்டியால் சாதத்தைத் தள்ளிவிடுவாள். ஒவ்வொரு தடவையும் பச்சைத்தண்ணீரில் ஸ்நானம். அந்தக் குளிரில் நாளைக்கு மூன்று தடவை. குட்டி சாப்பிடுகிறதா, தண்ணீர் குடிக்கிறதா, குரல் மாறுகிறதா என்று காலண்டரில் ஒவ்வொரு தேதியின் மேலும் குறித்தாள். எந்த லேபரட்டரியிலும் அவ்வளவு ஒழுங்கான குறிப்பை நான் பார்த்ததில்லை. ராத்திரி எனக்குத் தூக்கம் வராது. கொல்லையில் அது ஒரு தடவை குரைத்தால் உயிர் திரும்பும்.

பத்தாம் நாள் காலை அது வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. டாக்டர் ஊசியை நிறுத்தினார். அவிழ்த்து விட்டோம். அது மைதானம் வரை போய்விட்டு, பத்தே நிமிஷத்தில் திரும்பிவந்து கொல்லைப்படியில் படுத்துக்கொண்டது. பையன் மணி என்று பெயர் வைத்தான்.

இரண்டு வாரம் கழித்துக் காரடையான் நோன்பு. சரடு கட்டிக்கொள்ளும் பாக்கியம் இல்லாத அத்தைதான் வருஷாவருஷம் அடை தட்டுவாள். நைவேத்யம் ஆனதும் ஒரு வெல்ல அடையை இலைத் துண்டில் வைத்துக் கொல்லைக்கு எடுத்துப் போனாள். "தர்மபுத்திரர் இதை விட்டுட்டு ஸ்வர்க்கத்துக்கே வரமாட்டேன்னாரே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அன்று கரண்டி இல்லை. கையாலேயே போட்டாள்.

மணி பன்னிரண்டு வருஷம் இருந்தது. வயதான காலத்தில் பரேல் மிருக ஆஸ்பத்திரிக்கு டாக்ஸியில் அழைத்துப் போனபோதும் மடியில் வைத்துக்கொண்டவள் அத்தைதான். அதன் படுக்கைக்குப் பழைய புடவைகளை நாலாய் மடித்துத் தைத்த மெத்தையின் ஓரத்திலும் சங்கிலித் தையல் போட்டிருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "ஓரம் பிரியாம இருக்கும்" என்றாள்.

அத்தை 2001இல் காலமானாள். 2010இல் நான் ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுச் செம்பூரில் மூன்றாம் மாடிக்கு வந்தோம். பாரிஜாதத்தைப் பெயர்க்க முடியவில்லை. துளசி விதையும் உஷா மிஷினும் வந்தன. இரண்டும் இப்போதும் பலனளிக்கின்றன.

ஆட்டு மூளை ஊசி 2005க்குப் பிறகு நம் நாட்டில் இல்லை. இப்போது கையில் போடும் சில ஊசிகள்தான், வலியும் குறைவு. தெருநாய்களைக் கொல்லாமல் கருத்தடையும் தடுப்பூசியும் போட வேண்டும் என்று 2001இல் மத்திய அரசு விதி வகுத்து, 2023இல் அதைப் புதுப்பித்தது. ஆனாலும் நாய் கடித்தால் அலட்சியம் கூடாது. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாய் நன்றாகத்தான் இருக்கிறது என்று ஊசியைத் தள்ளிப்போடவும் கூடாது.

அங்கத்தினர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டிலும் ஒரு அத்தையோ சித்தியோ பாட்டியோ இருந்திருப்பாள். கோத்திரமும் நக்ஷத்திரமும் எழுதிவைக்கிறோம். அவள் என்ன தைத்தாள், என்ன நட்டாள், யாருக்குச் சோறு போட்டாள் என்பதையும், நினைவு இருக்கும்போதே, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவையுங்கள். 1983 பிப்ரவரி மாதக் காலண்டர் தாள் என்னிடம் இன்னும் இருக்கிறது. பத்துத் தேதிகளின் மேலும் பென்ஸிலால் அவள் எழுதியது ஒரே வார்த்தை: "சாப்பிட்டது".