குதிரையின் காலும் மனிதனின் பொறுமையும்

1892-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஜெர்மானியப் படை அதிகாரிகள் பெர்லினிலிருந்து வியன்னாவை நோக்கியும், ஆஸ்திரிய-ஹங்கேரியப் படை அதிகாரிகள் வியன்னாவிலிருந்து பெர்லினை நோக்கியும் குதிரைகளைச் செலுத்தினர். ஏறத்தாழ 580 கிலோமீட்டர் தூரம். இரு பேரரசுகளின் குதிரைப்படைகளுள் எது வலியது என்று காட்டுவதே நோக்கம். ஸ்டார்ஹெம்பெர்க் என்ற ஆஸ்திரியப் பிரபு 71 மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான நேரத்தில் பெர்லினை அடைந்து முதற்பரிசு பெற்றார். அவரைச் சுமந்து வந்த ஆதோஸ் என்ற குதிரை, வெற்றிக்குப் பின் பிழைக்கவில்லை. அந்தப் பந்தயத்தில் மாண்ட குதிரைகள் இருபதுக்கும் மேல்.

மாண்டவற்றின் கணக்கை வரலாறு எழுதி வைத்திருக்கிறது. காலில் அடிபட்டு உயிரோடு மிஞ்சிய குதிரைகள் என்னவாயின என்பதை அது அவ்வளவு அக்கறையோடு எழுதவில்லை. ஆயினும் அக்காலத்து மருத்துவ வழக்கத்தை அறிந்தால், அவற்றுக்கு என்ன காத்திருந்தது என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். அவற்றுள் பலவற்றுக்குக் காய்ச்சிய இரும்பு காத்திருந்தது.

இதை விளங்கிக்கொள்ளக் குதிரையின் காலமைப்பைச் சற்றே அறிய வேண்டும். முன்னங்காலில் முட்டிக்குக் கீழே குதிரைக்குத் தசை என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. எலும்பும் அதன் பின்புறம் ஓடும் தசைநாண்களுமே உள்ளன. ஒவ்வொரு எட்டிலும் அந்த நாண் வில்லின் நாண்போல் இழுபட்டு மீள்கிறது; அந்த மீட்சியே அடுத்த எட்டுக்கு விசை தருகிறது. குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடும்போது நாணின் உட்பகுதி 45 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுவதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். சீராக அடுக்கப்பட்ட நுண்ணிய இழைகளால் ஆன இந்த நாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு. எனவே அது அறுபட்டால் ஆறுவதற்கு வாரங்கள் போதா, மாதங்கள் வேண்டும். ஆறிய இடத்திலும் பழைய இழை வருவதில்லை. தாறுமாறாகப் பின்னிய தழும்பே முதலில் உருவாகிறது. அது முன்னதைவிடத் தடித்தது, நெகிழ்ச்சி குறைந்தது. வீக்கம் வடிந்து நொண்டல் நின்ற பின்னும் உள்ளே காயம் ஆறாமலே இருக்கும். குதிரைக்காரனை ஏமாற்றுவது இந்த இடைக்காலமே.

ஏமாந்தவன் அவசரப்பட்டான். அவசரத்துக்கு அவன் கண்ட மருந்து சூடு. பண்டை ரோமானிய எழுத்தாளர் வெகேஷியஸ் விலங்கு மருத்துவம் பற்றி எழுதிய நூலிலேயே சூட்டுக்கோல் இடம்பெற்றுவிட்டது. அதன்பின் நூற்றாண்டுகள் பலவாக, நாண் அறுந்த காலின்மேல் காய்ச்சிய இரும்பால் கோடு கோடாகவோ புள்ளி புள்ளியாகவோ சுட்டு வந்தார்கள். புதிய எரிச்சல் பழைய புண்ணை ஆற்றும் என்பது அவர்கள் சொன்ன காரணம். இது நமக்கு அந்நியமானதன்று. நோய்ப்பட்ட மாட்டுக்குச் சூடு போடும் வழக்கம் நம் கிராமங்களிலும் இருந்தது. ‘நல்ல மாட்டுக்கு ஒரு சூடு’ என்ற பழமொழியை அறியாதவர் நம்மில் யார்?

இவ்வளவு காலம் இந்த வழக்கம் நிலைத்ததற்குக் கொடுமை மனம் மட்டும் காரணமன்று. சூடுபட்ட குதிரைகள் பல உண்மையிலேயே மீண்டும் ஓடின. இரும்பால் சுட்ட காலை வைத்துக்கொண்டு எந்தக் குதிரையையும் ஓட்ட முடியாது. ஆகவே உரிமையாளர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் மாதக்கணக்கில் அதை ஓய்வில் விட வேண்டியதாயிற்று. ஆற்றியது ஓய்வு, பெயர் வாங்கிக்கொண்டது இரும்பு. சும்மா இருப்பது சிகிச்சை என்று எவரும் காசு கொடுக்க மாட்டார்கள். கண்ணுக்குத் தெரியும்படி எதையாவது செய்தாக வேண்டும் என்ற மனித மனத்தின் அரிப்பே சூட்டுக்கோலை இத்தனை நூற்றாண்டுகள் காப்பாற்றிற்று எனலாம்.

இந்த நம்பிக்கையை முறைப்படி சோதித்துப் பார்த்தவர்கள் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். 1983-இல் வெளியான அவர்களது ஆய்வு, சூட்டினால் நாண் ஆறுவதில் எவ்வித நன்மையும் இல்லை என்று காட்டியது. 1991-இல் பிரிட்டனின் அரச கால்நடை மருத்துவர் கல்லூரி இச்சிகிச்சையை அறத்துக்குப் புறம்பானது என அறிவித்தது.

அப்படியானால் வெறும் ஓய்வே போதுமா? போதாது என்பதே அடுத்த பாடம். மேய்ச்சலில் அவிழ்த்துவிட்ட குதிரை ஒரு துள்ளலில் ஆறிவரும் நாணை மீண்டும் அறுத்துக்கொள்ளலாம். அசையாமல் லாயத்தில் கட்டிக் கிடக்கும் குதிரைக்கோ, தழும்பின் இழைகள் இழுவிசையின் திசையில் அடுங்குவதில்லை. சரியான அளவு சுமை, சரியான காலத்தில், நாணுக்குக் கிடைக்க வேண்டும். முதல் வாரங்களில் லாய ஓய்வு, குளிர்நீர், கட்டு. பிறகு கயிற்றைக் கையில் பிடித்துச் சமதளத்தில் ஐந்து, பத்து நிமிட நடை. வாரந்தோறும் சில நிமிடங்கள் கூட்டல். சேணம் பூட்டி ஆளேறினாலும் நடைதான். மாதங்கள் சென்றபின் சில நிமிடத் துள்ளோட்டம், அதற்கும் பின்னரே பாய்ச்சல். முழு வேலைக்குத் திரும்ப ஒன்பது மாதம் முதல் ஓராண்டு, சில வேளை அதற்கு மேலும் ஆகும். 1980-களில் குதிரைக் காலுக்கும் வந்து சேர்ந்த மீயொலிக் கருவி, அதாவது கருவுற்ற தாயின் வயிற்றைக் காட்டும் அதே வகைக் கருவி, ஒவ்வொரு படிக்கும் முன்னால் உள்ளிருக்கும் இழைகளைப் பார்க்க வழிசெய்தது. புறத்தோற்றத்தை நம்பி ஏமாறும் காலம் அத்துடன் முடிந்திருக்க வேண்டும்.

நெடுந்தூர ஓட்டமும் இதற்கிடையே தன் இலக்கணத்தை மாற்றிக்கொண்டது. 1955-இல் வெண்டெல் ராபி என்பவர் நால்வரோடு கலிபோர்னியாவின் டாகோ ஏரிப் பகுதியிலிருந்து ஆபர்ன் நகர் வரை 100 மைல் மலைப்பாதையை ஒரே நாளில் கடந்தார். டெவிஸ் கோப்பை ஓட்டம் என்று அது ஆண்டுதோறும் தொடர்ந்தது. 1964 முதல் அங்கே இன்னொரு கோப்பையும் வழங்கப்பட்டது. முதல் பத்து இடங்களில் வந்த குதிரைகளுள் மிக நல்ல உடல்நிலையில் உள்ளதற்கு அது உரியது. 1972-இல் தோன்றிய அமெரிக்க நெடுந்தூரக் குதிரையோட்ட அமைப்பு, ஓட்டத்தை நிறைவு செய்வதே வெற்றி என்பதைத் தன் முழக்கமாகக் கொண்டது. வழிநெடுக மருத்துவர்கள் நாடியை எண்ணுகிறார்கள். குதிரையை நேர்கோட்டில் ஓடவிட்டு நொண்டல் உண்டா என்று பார்க்கிறார்கள். ஐயம் எழுந்தால் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஆதோஸின் கதை இந்த விதிகளின்கீழ் வெற்றியாகக் கொள்ளப்படாது.

ஆனால் விதி எழுதியதும் பேராசை அடங்கிவிடவில்லை. பாலைவனச் சமதளங்களில் வேகப் பந்தயமாக மாறிய நெடுந்தூர ஓட்டங்களில் குதிரைகள் கால் முறிந்து மாண்டன. 2015-இல் பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு, குதிரைகளின் நலனையும் விதிமீறல்களையும் காரணம் காட்டி, ஐக்கிய அரபு அமீரகத்தின் தேசியக் கூட்டமைப்பை இடைநீக்கம் செய்யும் நிலை வந்தது. 1892-இல் பேரரசுகளின் மானம் குதிரையின் காலில் ஏறி நின்றது. பின்னர் அவ்விடத்தில் பரிசுப் பணமும் குடும்பப் பெருமையும் ஏறிக்கொண்டன.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு நாளுக்குப் பத்து நிமிடம் குதிரையோடு நடப்பதில் வீரம் ஏதுமில்லை. அதைப் பாடிய காப்பியமும் நாமறிந்தவரை இல்லை. அப்படி ஓராண்டு நடந்த பிறகும், இந்தக் கால் இனி நூறு மைலுக்கு ஆகாது என்று கருவி காட்டக்கூடும். அப்போது அக்குதிரையை மெல்லிய சவாரிக்கோ மேய்ச்சலுக்கோ விட்டுவிட மனம் வர வேண்டும். மருத்துவம் இதுவரை கற்றுத் தந்திருப்பது நாண் ஆற எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதை. அக்காலத்தைத் தர வேண்டியவன் கடிவாளத்தைப் பிடித்திருப்பவன்தான்.