வழி தவறியவர் போட்ட ராலி

ராஜஸ்தானுக்கு வேலைக்கு வந்த நம்மூர் பசங்க, சேர்ந்தாற்போல் மூணு நாள் லீவு கிடைத்தால் புல்லட்டை எடுத்துக்கொண்டு ஜெய்சால்மர் மணல்மேட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். இந்தப் பித்து எப்படி உலகப் பந்தயமாச்சு தெரியுமா?

1977-ல் தியரி சபீன் என்ற பிரெஞ்சுக்காரர், அபிஜான்–நீஸ் ராலியில் பைக் ஓட்டிப்போய் லிபியப் பாலைவனத்தில் வழி தவறினார். எப்படியோ மீட்டுக் கொண்டுவந்தார்கள். வேறு ஆளாயிருந்தால் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்திருக்க மாட்டார். இவரோ ஊரையே கூட்டிக்கொண்டு போனார்! 1978 டிசம்பர் 26 அன்று பாரிஸிலிருந்து 182 வண்டிகள் கிளம்பின. டக்கார் போய்ச் சேர்ந்தவை 74. கார், பைக் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் வைத்த அந்த முதல் ராலியில் ஜெயித்தவர், யமஹா பைக்கில் போன சிரில் நெவூ. 1986-ல் மாலியில், இதே ராலி நடக்கும்போதே ஹெலிகாப்டர் விழுந்து சபீன் இறந்துபோனார்.

இதில் வேகத்தைவிட வழி கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. காரில் பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்து வழி சொல்வார். பைக்காரருக்கு யார் இருக்கா? எழுந்து நின்று ஓட்டியபடியே, ஹேண்டில்பாருக்கு மேலே இருக்கும் ரோடு புக்கைப் படித்து, திசையையும் கிலோமீட்டரையும் சரிபார்த்து, எதிரே வரும் குழியையும் கவனிக்கணும். மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு என்பது உச்சிக்கு ஏறினால்தான் தெரியும்.

2015-ல் பெங்களூர் சி.எஸ். சந்தோஷ் 36-வதாக வந்தார். டக்காரை ஓட்டி முடித்த முதல் இந்தியர். 2021-ல் சவுதியில் விழுந்தவரை, மருத்துவர்கள் செயற்கைக் கோமாவில் வைக்க நேர்ந்தது. நல்லவேளை, பிழைத்து வந்தார். அதே ராலியில் ஷொர்ணூர் ஹரித் நோவா 20-வது. 2024-ல் ராலி 2 பிரிவில் அவரே முதல், ஒட்டுமொத்தத்தில் 11-வது. ஓட்டியது ஷெர்கோ டிவிஎஸ் அணிக்கு. ஆமாங்க, நம்ம ஓசூர் டிவிஎஸ்தான்.