பின்னணி இசை (தமிழ்த் திரைப்படம்)

பின்னணி இசை என்பது திரைப்படத்தில் பாடல்கள் நீங்கலாக, காட்சிகளுக்கென அமைத்துச் சேர்க்கப்படும் இசை. பாடல்கள் பெரும்பாலும் படப்பிடிப்புக்கு முன்பே பதிவாகிவிடும். பின்னணி இசை, படத்தொகுப்பு முடிந்தபின் அமைவது.

தமிழில் மேலைச் செவ்வியல் முறையில் இசைக்குழுவுக்கு எழுதுவதை நிலைநிறுத்தியவர் இளையராஜா (முதற்படம் ‘அன்னக்கிளி’, 1976). தன்ராஜ் மாஸ்டரிடம் மேலையிசை பயின்ற இவர், படத்தை ரீல் ரீலாகப் பார்த்து, ஒவ்வொரு வாத்தியத்துக்குமான பகுதியை நேரே தாளில் எழுதிவிடுவார். அது படியெடுக்கப்பட்டு வயலின், செல்லோ, புல்லாங்குழல் கலைஞர்களிடம் போகும். ஒத்திகை பார்த்ததும் பதிவு. ‘ஹே ராம்’ (2000) படத்துக்கு புடாபெஸ்ட் இசைக்குழு வாசித்தது. லண்டனில் 2025 மார்ச் 8 அன்று ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு அரங்கேற்றிய இவரது ‘வேலியன்ட்’ சிம்பொனி திரையிசை அன்று. ரசிகர் பேச்சில் இரண்டும் கலந்தே வரும்.

‘ரோஜா’வில் (1992) அறிமுகமான ஏ. ஆர். ரகுமான், மின்னணு ஒலிகளை இசைக்குழுவோடு இணைத்தார். சென்னையில் 2008இல் கே.எம். இசைக் கல்லூரியைத் தொடங்கினார்.

பின்னணி இசைக்கான தேசிய விருது பெற்ற தமிழ்ப் படங்கள்: ‘தாரை தப்பட்டை’ (இளையராஜா), ‘சூரரைப் போற்று’ (ஜி. வி. பிரகாஷ் குமார்), ‘பொன்னியின் செல்வன் 1’ (ரகுமான்).