இரண்டரை மணி நேரம் குப்புறக் கிடந்தவர்

கொஞ்ச நாளாய் ஆபீஸில் ஆணி அதிகம். (பிடுங்குவதெல்லாம் தேவையில்லாத ஆணிதான், அது வேறு கதை.) இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. தங்கமணி பக்கத்து பில்டிங் மாமி வீட்டுக்குக் கோலப்பொடி வாங்கப் போயிருக்கிறார். ஜூனியர் என்னோடு இப்போதுதான் பழையபடி பேச ஆரம்பித்திருக்கிறான். நடுவில் பத்து நாள் பேசவில்லை. தப்பு என்னுடையதுதான்.

புனே வந்து பதினோரு வருஷம் ஆகிறது. நம்மாட்கள் இங்கே பிள்ளைகளைக் கீபோர்டு, அபாகஸ், கிரிக்கெட் கோச்சிங் என்று அனுப்புவதுதான் வழக்கம். ஜூனியர் மராத்தி சிநேகிதர்களோடு சேர்ந்து குஸ்திக்குப் போகிறேன் என்று நின்றான். இங்கே அதற்குத் தாலீம் என்று பெயர். பழைய பேட்டைகளில் சந்துக்குள் சந்தாகப் போனால் ஓட்டுக் கூரையும் அனுமார் படமுமாக ஒன்று இருக்கும். நடுவில் குழி, குழி நிறைய செம்மண். எண்ணெய், மஞ்சள், மோர் எல்லாம் ஊற்றிப் பிசைந்து பதப்படுத்தியது. சொல்லிக்கொடுப்பவரை வஸ்தாத் என்பார்கள். இவனுடைய வஸ்தாத் எழுபது தாண்டியவர், இரண்டு காதும் வடை மாதிரி நசுங்கியிருக்கும். குழிக்குள் இறங்கும்போது மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். செருப்பு வெளியே. அப்பா அம்மாவும் வெளியே.

போன மாதம் பள்ளிகளுக்கு நடுவே போட்டி. இது மண் இல்லை, மேட் மேலே. எதிரே வந்த பையன் இவனைவிட ஒரு சுற்றுப் பெரியவன். அரை நிமிடத்தில் காலைப் பிடித்துக் கீழே தள்ளிவிட்டான். நம்மாள் குப்புறப் படுத்து, இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டிக்கொண்டு, பல்லி மாதிரி மேட்டில் ஒட்டிக்கொண்டான். நடுவர் நிற்க வைப்பார், மறுபடி கீழே, மறுபடி குப்புற. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் கத்தினேன், "எழுந்து சண்டை போடுடா" என்று. பாயிண்டில் தோற்றான். ஸ்கூட்டரில் திரும்பும்போது, "படுத்துத் தூங்கவா இத்தனை மாசம் பீஸ் கட்டி அனுப்பினேன்?" என்றேன். பின்னாலிருந்து சத்தமே இல்லை.

அடுத்த நாள் தாலீம் வாசலில் வஸ்தாத் கேட்டார்: "சித் ஜாலா நாஹி நா, சாஹேப்?" முதுகு தரையில் படவில்லை அல்லவா என்று அர்த்தம். படவில்லைதான் என்றேன். "ஜிபிஸ்கோ தெரியுமா உங்களுக்கு?" என்றார். நான் ஙே என்று விழித்தேன்.

காமா பயில்வானைத் தெரியும். எங்கள் அப்பா தாராசிங், கிங்காங் கதை சொல்லும்போதெல்லாம் கடைசியில், "ஆனா காமா மாதிரி வருமா" என்றுதான் முடிப்பார். அந்தக் காமாவோடு மோதிய போலந்துக்காரர்தான் ஜிபிஸ்கோ. அதற்குப் பிறகு பத்து நாளாய் ராத்திரி இதையேதான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

காமாவின் இயற்பெயர் குலாம் முகமது. 1878ல் அமிர்தசரஸ் பக்கத்தில் பயில்வான் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பா போய்விட்டார். 1888ல் ஜோத்பூரில் பைட்டக் போட்டி (நம்மூர் தோப்புக்கரணத்துக்கு அண்ணன்) நடந்தபோது, நூற்றுக்கணக்கான பெரிய பயில்வான்கள் நடுவில் கடைசிவரை தாக்குப்பிடித்தவர்களில் பத்து வயதுப் பையன் காமாவும் ஒருவர். வளர்ந்த பிறகும் உயரம் ஐந்தடி ஏழு, எட்டு அங்குலம்தான்.

1910ல் தம்பி இமாம் பக்ஷோடு லண்டன் போனார். யார் வேண்டுமானாலும் வரலாம் என்று சவால். ஆகஸ்டில் அமெரிக்காவிலிருந்து வந்திருந்த டாக்டர் ரோலர் (நிஜமாகவே வைத்தியம் படித்த டாக்டர்) இரண்டு தடவை முதுகில் விழுந்தார். அடுத்து வந்தவர்தான் ஸ்டானிஸ்லாஸ் ஜிபிஸ்கோ. செப்டம்பர் 10, ஷெப்பர்ட்ஸ் புஷ் மைதானம். 1908 ஒலிம்பிக்ஸுக்காகக் கட்டிய அதே மைதானம். பரிசு 250 பவுண்டும் ஜான் புல் பெல்ட்டும். ஜிபிஸ்கோவும் அதே குள்ளம்தான், ஆனால் எடை ஐம்பது பவுண்டு போல அதிகம்.

முதல் நிமிடத்திலேயே காமா அவரைக் கீழே தள்ளிவிட்டார். ஜிபிஸ்கோ குப்புறப் படுத்தார். அவ்வளவுதான். இடையில் சில தடவை எழுந்ததும் உடனே திரும்ப அதே நிலைக்குப் போனதும் தவிர, ஏறக்குறைய 2 மணி 35 நிமிடம் அப்படியே கிடந்தார். காமா இழுத்தார், புரட்டினார், கழுத்தில் அழுத்தினார். முதுகு தரையில் படவில்லை. வெளிச்சம் போய்விட்டது. டிரா.

காசு கொடுத்து வந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? கூச்சல், கேலி, கோபம். அடுத்த மோதல் செப்டம்பர் 17 என்று முடிவாயிற்று. அன்றைக்கு ஜிபிஸ்கோ வரவே இல்லை. பெல்ட் காமாவுக்குப் போனது. ஜிபிஸ்கோவுக்குக் கோழை என்ற பட்டம் நிலைத்தது. இவ்வளவு வரைக்கும்தான் பொதுவாக நம் பக்கம் இந்தக் கதையைச் சொல்வார்கள். நானும் இதோடு நிறுத்தி ஜூனியரிடம், "பார்த்தியா, இப்படித்தான் பேர் கெடும்" என்று சொல்லியிருப்பேன். நல்லவேளை, மேலே படித்தேன்.

லண்டன் மோதலுக்கு மூன்று மாதம் முன்னால், 1910 ஜூன் 1 அன்று, சிகாகோவில் ஜிபிஸ்கோ மோதியது ஃபிராங்க் காட்ச் என்ற அமெரிக்க சாம்பியனோடு. அதற்கு முந்தைய வருஷம் இதே காட்சை ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்துக் காட்டியிருந்தார். இந்தத் தடவை மணி அடித்ததும், வழக்கப்படி கை குலுக்க ஜிபிஸ்கோ கையை நீட்டினார். காட்ச் அந்தக் கையைக் கண்டுகொள்ளவில்லை. நேராகக் காலில் பாய்ந்து தூக்கிப் போட்டார். ஆறரை வினாடிகூட ஆகவில்லை, முதல் சுற்று முடிந்தது. ஜிபிஸ்கோ முறையிட்டுப் பார்த்தார், எடுபடவில்லை. இரண்டாவது சுற்று அரை மணி நேரத்துக்குள் முடிந்தது. அதிலும் தோல்வி.

மரியாதைக்கு நீட்டிய கை. அதற்கு விலை ஒரு சாம்பியன் பட்டம். தாலீமில் ஜோடி போடுமுன் ஒருவர் கையில் ஒருவர் மண்ணைக் கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். அந்த நேரத்தில் எவனாவது காலை வாரினால் வஸ்தாத் தடியோடு வந்துவிடுவார். அதைப் பார்த்துப் பழகியதாலோ என்னவோ, இந்த இடத்தைப் படித்தபோது எனக்கே கொதித்தது. மூன்று மாதம் கழித்து லண்டனில் அதைவிட வேகமான ஒருத்தர் முன்னால் நிற்கும்போது ஜிபிஸ்கோவின் உடம்பில் அந்த ஆறு வினாடி இருந்திருக்காதா? இது என் ஊகம்தான். ஆனால் மைதானத்தில் கத்தியவர்கள் இந்த ஊகத்துக்குக்கூட மெனக்கெடவில்லை.

இன்னொன்று, அவர் கற்று வளர்ந்தது கிரேக்க-ரோமானிய பாணி. இடுப்புக்குக் கீழே தொடக்கூடாத குஸ்தி. அதில் குப்புறக் கிடந்து காப்பது ஒரு வித்தை, மணிக்கணக்காகப் பயிற்சி செய்கிற வித்தை. காமாவைப் போன்ற ஒருத்தர் மேலே உட்கார்ந்து அழுத்தும்போது இரண்டரை மணி நேரம் தோள்பட்டை தரையில் படாமல் இருப்பதற்கு எவ்வளவு பலம் வேண்டும்! வஸ்தாத் கணக்கு ரொம்பச் சுலபம். முதுகு பட்டால் தோல்வி, படாதவரை இல்லை. நம் பழமொழி இருக்கிறதே, விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று. குழிக்கு வெளியே நின்றவன் உண்டாக்கிய பழமொழி என்றுதான் இப்போது தோன்றுகிறது. :-)

வேடிக்கை பார்ப்பவர்கள் ரெண்டாகப் பிரிவது ஒன்றும் புதிதில்லை. புறநானூற்றில் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு மோதியதைச் சாத்தந்தையார் பாடியிருக்கிறார். அதே கிள்ளியின் மேல் ஆசை வைத்த நக்கண்ணையார் தன் பாட்டொன்றில், ஊரில் ஒரு சாரார் வெற்றி அவனுக்கே என்கிறார்கள், மறு சாரார் இல்லை என்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, தான் போய்ப் பனைமரத்தடியில் நின்று பார்த்ததைச் சொல்கிறார். பார்த்தவர், அதுவும் பிரியத்தோடு பார்த்தவர்.

காமாவுக்கே டிரா புதிதில்லை. குஜ்ரன்வாலாவின் ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலா, ஏழடிக்குக் கொஞ்சம்தான் குறைவு, வயதில் மூத்தவர். அவரோடு மோதி வெற்றி தோல்வி இல்லாமல் பிரிந்திருக்கிறார். லண்டனிலிருந்து திரும்பிய பிறகு அலகாபாத்தில்தான் ரஹீமை ஜெயித்தார். பின்னாளில் உன் எதிராளிகளில் பெரியவர் யார் என்று கேட்டபோதெல்லாம் காமா சொன்னது வெள்ளைக்காரப் பெயர் எதுவும் இல்லை, ரஹீம் பக்ஷ் பெயரைத்தான்.

சரி, ஜிபிஸ்கோ கதைக்கு வருவோம். அந்தப் பெயரே பட்டப்பெயர்தான். சொந்தப் பெயர் சைகானீவிச். ஜிபிஸ்கோ என்பது சியென்கீவிச் எழுதிய நாவலில் வரும் பயமறியாத வீரன் ஒருவனின் பெயர், சிநேகிதர்கள் வைத்தது. லண்டன் கேலிக்குப் பிறகு அந்தப் பெயரைச் சுமப்பது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் சுமந்தார். அமெரிக்கா போய் 1921ல் ஸ்ட்ராங்ளர் லூயிஸை வென்று உலக சாம்பியன் ஆனார். 1925ல் இன்னும் சுவாரஸ்யம். அப்போது அமெரிக்க குஸ்தி முழுக்க முன்கூட்டியே பேசிவைத்த ஏற்பாடாகிவிட்டது. வேய்ன் மன் என்ற கால்பந்து ஆட்டக்காரரைச் சாம்பியனாக்கி வைத்திருந்தார்கள். அவரிடம் தோற்றுக்கொடுக்க வேண்டும் என்று ஜிபிஸ்கோவோடு ஏற்பாடு. கிழவர் பிலடெல்பியாவில் மேடை ஏறி, ஏற்பாட்டைத் தூக்கிப்போட்டுவிட்டு, நிஜமாகவே மன்னைப் புரட்டிப் புரட்டிப் போட்டு ஜெயித்துவிட்டார். இது யோக்கியமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எதிர்க் கோஷ்டியோடு பேசிவைத்துத்தான் செய்தார். ஆனால் பயந்தாங்கொள்ளி செய்கிற வேலை இல்லை.

1928 ஜனவரியில் அவர் பாட்டியாலாவுக்கு வந்தார். காமா அப்போது மகாராஜா பூபிந்தர் சிங்கின் ஆஸ்தான பயில்வான். எதிராளியின் ஊர், எதிராளியின் மகாராஜா, பல்லாயிரம் பேர் எதிராளியின் பெயரைச் சொல்லிக் கத்துகிற கூட்டம். மேட் கிடையாது, மண். இரண்டு பேரும் ஐம்பதை நெருங்கியவர்கள். மகாராஜா காரியம், பணமும் கிடைத்திருக்கும்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பதினெட்டு வருஷம் கழித்து, இத்தனை பட்டம் வாங்கிய பிறகு, தோற்கத் தோதான அந்த இடத்துக்கு அவர் வந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. இந்தத் தடவை குப்புறப் படுக்கவில்லை. நின்று மோதினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, முதுகு மண்ணில் பட்டது.

இதையும் விடமாட்டார்கள். கிழவனை ஜெயித்தது ஒரு வெற்றியா என்பார்கள். காமாவும் அதே கிழம்தானே என்றால், அவர் காட்சோடு மோதவே இல்லையே, ஒரு ஆளைத் திருப்பிப்போட இரண்டரை மணி நேரம் போதாதவர் என்ன உலக சாம்பியன் என்பார்கள். இந்தப் பக்கம் காமா பக்தர்கள் ஐயாயிரம் குஸ்தி, ஒன்றில்கூட தோல்வி இல்லை என்று அடித்துவிடுவார்கள். ஐயாயிரத்தையும் யார் உட்கார்ந்து எண்ணினார்கள்? 2022 மே 22ல் கூகுள் முகப்பில் காமா படம் போட்டபோது எங்கள் கேன்டீனில் இந்தச் சண்டை நடந்தது. நானும் ஒரு கட்சி. கையில் சமோசா. தண்டால் பத்து எடுத்தால் மூச்சு வாங்குகிற உடம்பு.

காமா 1947க்குப் பிறகும் லாகூரிலேயே இருந்தார். கலவரத்தின்போது தன் தெருவில் இருந்த இந்துக் குடும்பங்களுக்குக் காவலாக நின்றார் என்று சொல்கிறார்கள். கடைசிக் காலம் நோயும் கையில் காசில்லாமலும் கழிந்து 1960 மே 23ல் இறந்தார். ஜிபிஸ்கோ அமெரிக்காவில் 1967 வரை இருந்தார். 1950ல் வந்த 'நைட் அண்ட் தி சிட்டி' படத்தில் பழைய பாணி குஸ்திக்காரராக நடித்திருக்கிறார். லண்டனில் நடக்கிற கதை, லண்டனிலேயே எடுத்த படம். அதில் அந்தக் கிழவர் ஒரு இளைஞனோடு மோதி ஜெயித்துவிட்டு உயிரை விடுகிறார். எழுபதை ஒட்டிய வயதில் அந்தச் சண்டைக் காட்சியில் அவர் அழுத்துகிற பிடிகள் நடிப்பு மாதிரி இல்லை.

போன வெள்ளிக்கிழமை ராத்திரி ஜூனியரிடம் இதையெல்லாம் சொன்னேன். ஸ்கூட்டரில் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டேன், கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான். போர்வைக்குள்ளிருந்து முழுக்கக் கேட்டான். ஆறு வினாடிக் கதைக்கு மட்டும், "சீட்டிங்ப்பா அது" என்றான். பாட்டியாலாவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் கேட்டான், "ரெண்டரை மணி நேரம் அழுத்தினா காமாவுக்குக் கை மரத்துப் போயிருக்காதா? மேல இருக்கறவனுக்குத்தான்ப்பா சீக்கிரம் வலிக்கும்."

எனக்கு எப்படித் தெரியும்? வஸ்தாத்திடம் கேட்கச் சொன்னேன். நாளைக்கு மாலை தாலீம் இருக்கிறது.