நிழலும் நெல்லும்

தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். "கோபுர நிழல் தரையில விழாதாமே?" என்ற கேள்வி ஏழெட்டு முறை காதில் விழும். வேடிக்கை என்னவென்றால், கேட்பவர் பெரும்பாலும் அந்த நிழலில்தான் நின்றுகொண்டிருப்பார். காலை ஒன்பது மணிக்கு மேற்குப் பக்கம் போய்ப் பாருங்கள். வெயிலுக்கு ஒதுங்கிய கூட்டம் விமானத்தின் நிழலில் நின்றபடி, நிழலே விழாத அதிசயத்தை அண்ணாந்து பார்த்து வியந்துகொண்டிருக்கும். கிண்டலுக்காக இதைச் சொல்லவில்லை. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் நானும் அப்படித்தான் நின்றேன். வாத்தியார் சொன்னார், நம்பினேன். காலடியில் கிடந்த நிழல் கண்ணில் படவே இல்லை.

இந்தத் தொடருக்கு வரும் கடிதங்களிலும் போர்கள், பட்டங்கள் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. நிழல், உச்சிக்கல், நந்தி, தொப்பி வைத்த வெள்ளைக்காரன் என்று இவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன. இந்த வாரம் அவற்றையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் நிழல். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். விமானத்தின் உயரம் சுமார் 216 அடி. தஞ்சை, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 10.8 பாகையில் இருக்கிறது. மார்கழி முதல் வாரத்தில் சூரியன் தெற்குக் கோடிக்குப் போய்விடுவதால், நடுப்பகலில்கூடத் தலைக்கு நேராக வராது. 34 பாகை தெற்கே சாய்ந்தே நிற்கும். அப்போது கலசத்தின் நிழல், விமானத்தின் நடுப்புள்ளியிலிருந்து வடக்கே சுமார் 145 அடி தள்ளி விழ வேண்டும். அடித்தளத்தின் ஒரு பக்கம் ஏறக்குறைய 100 அடி. அதில் பாதியைக் கழித்தாலும் 90 அடிக்கு மேல் நிழல் வெளியே கிடக்கும். இத்தனை பெரிய நிழலை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

ஆனால் இந்தக் கதையைக் கட்டிவிட்டவர் முழுப் பொய்யர் என்றும் சொல்ல மாட்டேன். விமானம் மேலே போகப் போகக் குறுகுகிறது. பங்குனியிலிருந்து புரட்டாசி வரை நடுப்பகல் சூரியன் உச்சிக்கு வெகு அருகில் இருப்பதால், மேல்நிலைகளின் நிழல் கீழ்நிலைகளின் மீதே விழுந்துவிடும். தரையில் ஓரமாக ஒரு பட்டை மட்டும் தெரியும். கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பன்னிரண்டு மணிக்கு வருகிற குடும்பத்துக்கு, நிழலைக் காணோம் என்றுதான் தோன்றும். சித்திரை முதல் வாரத்திலும் ஆவணி இரண்டாம் வாரத்திலும் சூரியன் சரியாகத் தலைக்கு மேலேயே வந்து நிற்கும். அன்றைக்கு நிழல் அடியோடு அடங்கிவிடும். பெரிய கோயிலுக்கு மட்டுமல்ல, பேருந்து நிலையத்து விளக்குக் கம்பத்துக்கும் அதே நாள், அதே நேரம்.

அடுத்தது உச்சிக்கல். எண்பது டன் எடையுள்ள ஒரே கல், அதைச் சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து மண்சரிவு கட்டி யானைகள் இழுத்துவந்தன என்பது நாம் எல்லாரும் கேட்டு வளர்ந்த கதை. எண்பது என்ற எண் பள்ளிப் பாடத்திலிருந்து திரைப்பட வசனம் வரை போய் உட்கார்ந்துவிட்டது. அந்தச் சிகரம் பல கற்களைத் தனித்தனியே செதுக்கி, ஆரஞ்சுச் சுளைகளை அடுக்குவதுபோல் சேர்த்துப் பொருத்திய அமைப்பு என்று ஆய்வாளர்கள் எழுதி எத்தனையோ ஆண்டுகள் ஆகின்றன. கீழேயிருந்து பார்க்கும் கண்ணுக்கு இணைப்பு தெரியாது, அவ்வளவுதான். ஒரே கல் இல்லை என்று சொன்னால் சிலருக்கு முகம் வாடிவிடுகிறது, சோழனின் பெருமையில் ஏதோ குறைத்துவிட்டதுபோல.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. உண்மையான வியப்பு சிகரத்துக்கு உள்ளே இருக்கிறது. அந்த விமானம் உள்ளே கூடு. கருவறைக்கு மேலே கல்லை அடைத்து நிரப்பவில்லை. ஒவ்வொரு வரிசைக் கல்லையும் கீழ்வரிசையைவிடக் கொஞ்சம் உள்ளே நீட்டி நீட்டி வைத்து, நான்கு பக்கமும் மெல்ல நெருங்கி உச்சியில் சேரும்படி ஏற்றியிருக்கிறார்கள். கீழே கருவறையைச் சுற்றி இரட்டைச் சுவர். இரண்டுக்கும் நடுவே ஆள் நடக்கும் பாதை. கீழ்த்தளத்துப் பாதையில்தான் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே.கோவிந்தசாமி 1931-ல் கண்டுபிடித்தார். மேல்தளத்துப் பாதையில் சிவனே ஆடிக்காட்டும் நடனக் கரணங்கள். 108-ல் 81 செதுக்கப்பட்டிருக்கின்றன. மிச்சம் 27 கற்கள் வெறுமனே நிற்கின்றன. தஞ்சை வட்டாரத்தில் தோண்டினால் கருங்கல் வராது. புதுக்கோட்டை, திருச்சிப் பக்கமிருந்து கல்லைக் கொண்டுவந்து, காவிரி மண்ணில் இத்தனை பாரத்தை ஏற்றி, ஆயிரம் ஆண்டு சாயாமல் நிற்கவைத்திருக்கிறார்கள். இதற்குப் பக்கத்தில் எண்பது டன் கதை எனக்குச் சின்னதாகவே படுகிறது.

நந்தியைப் பற்றி இரண்டு வரி போதும். இப்போது நாம் பார்க்கும் பெரிய நந்தி நாயக்கர் காலத்தது, ராஜராஜன் வைத்ததல்ல. அது வளர்ந்துகொண்டே போனதாம், தலையில் ஆணி அடித்து நிறுத்தினார்களாம். நல்ல கதை, குழந்தைகளுக்குச் சொல்லலாம். அம்மன் கோயில் பாண்டியர் காலத்தது. முருகன் கோயில் நாயக்கர் காலத்தது. ஒரே மதிலுக்குள் பல நூற்றாண்டுகள் குடியிருக்கின்றன. விமானத்தின் வடபுறம் சிற்பமாகத் தெரியும் தொப்பிக்காரனும் பின்னாளில் வந்து சேர்ந்தவன்தான். வெள்ளைக்காரன் வருவான் என்று ராஜராஜன் முன்கூட்டியே அறிந்திருந்தான் என்று ஒரு வழிகாட்டி சொல்லிக்கொண்டிருந்தார். ரகுநாத நாயக்கர் 1620-ல் டேனிஷ்காரர்களோடு ஒப்பந்தம் போட்டுத் தரங்கம்பாடியைக் கொடுத்தார். தொப்பிக்காரர்கள் தஞ்சை அரண்மனைக்கு வந்துபோன காலம் அது. தீர்க்கதரிசனம் எதற்கு?

இவற்றையெல்லாம்விட விசித்திரமான கேள்வி ஒன்றை நம் முன்னோர் கேட்டார்கள். இந்தக் கோயிலைக் கட்டியது யார்? இன்று சிரிப்பு வரலாம். நூற்றைம்பது ஆண்டுக்கு முன் அதற்குச் சரியான பதில் யாரிடமும் இல்லை. தலபுராணம் கரிகாலன் கட்டியதாகச் சொன்னது, அவனுடைய தோல்நோய் தீர்ந்ததற்காக. பெரிய மனிதர்கள் ஆளுக்கொரு சோழன் பெயரைச் சொன்னார்கள். 1886-ல் கல்வெட்டுகளைப் படிப்பதற்கென்று சென்னை அரசாங்கம் ஹுல்ச் என்ற ஜெர்மானியரை நியமித்தது. அவரும் உடனிருந்த வெங்கையா போன்றவர்களும் எழுத்து எழுத்தாகப் படித்து வெளியிட்ட பிறகுதான், ராஜராஜன் பெயர் ஊரறிய நிலைபெற்றது. பெயர் எங்கேயோ புதைந்து கிடக்கவில்லை. விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றிலும், கைக்கு எட்டும் உயரத்தில், தமிழில் வெட்டியிருந்தது. நூற்றாண்டுக் கணக்கில் மக்கள் அதைத் தடவிக்கொண்டே பிரதட்சிணம் வந்திருக்கிறார்கள். கோயிலுக்கு அவன் வைத்த பெயர் ராஜராஜீச்சரம். பிரகதீஸ்வரம் என்பது பிற்காலத்துச் சமஸ்கிருதப் பெயர்.

சரி, இவ்வளவு எழுதிவைத்தவன், கல்லை மேலே ஏற்றிய விதத்தை எழுதினானா என்று கேட்பீர்கள். இல்லை. அந்தச் சுவரைப் புகழ்ச்சிப் பட்டயமாக நினைத்துப் படிப்பவர்கள் ஏமாந்துபோவது இங்கேதான். அது கணக்குப் பிள்ளையின் பேரேடு. யார் கொடுத்தார், எவ்வளவு, எந்த நிறைகல்லில் நிறுத்தது, யாருக்கு, எதுவரைக்கும் என்பதே அதன் கவலை. தன் 25-ஆவது ஆட்சியாண்டின் 275-ஆவது நாளில், அதாவது 1010-ல், ராஜராஜன் விமானத்தின் உச்சிக்குச் செப்புக்குடம் கொடுத்தான். அந்தக் குடத்தின் எடை 3083 பலம்; அதன்மேல் போர்த்திய பொன் 2926½ கழஞ்சு. அரைக் கழஞ்சைக்கூட விடவில்லை. அதே குடத்தை 216 அடிக்கு எப்படி ஏற்றினார்கள் என்பதற்கு ஒரு சொல் கிடையாது. ஏற்றிய முறைக்குத் தணிக்கை இல்லை, பொன்னுக்கு உண்டு. கோயிலைக் கட்டிய குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் பெயரும் சுவரில் இருக்கிறது. அதுவும் படி வாங்குவோர் பட்டியலில்தான்.

அந்தக் கணக்கு இருக்கிறதே, படிக்கப் படிக்க ஆசை தீராது. ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடுகள். பெற்றுக்கொண்ட இடையன் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடுகளுக்குப் பெயர் சாவா மூவாப் பேராடு. நிஜ ஆடு செத்தாலும் கிழடானாலும் குட்டியை விட்டு எண்ணிக்கையைச் சரிக்கட்ட வேண்டியது இடையன் பொறுப்பு. கணக்கில் மட்டும் அவை சாவதே இல்லை. கோயில் பணத்தை ஊர்ச் சபைகள் கடன் வாங்கின. வட்டி, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு; இன்றைய பேச்சில் நூற்றுக்குப் பன்னிரண்டரை. இன்றைக்கு வங்கியில் வீட்டுக்கடன் வாங்கியவர்கள் இதை ஒப்பிட்டுப் பெருமூச்சு விடவோ நிம்மதி அடையவோ செய்யலாம்.

சென்ற மாதம் போனபோது, அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து ஒரு வேனில் வந்தவர்களுக்குச் சுவரைக் காட்டிப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். தளிச்சேரிப் பெண்டுகள் பகுதிக்கு வந்தோம். சோழநாடு முழுக்க இருந்த கோயில்களிலிருந்து 400 ஆடல் மகளிரை இங்கே கொண்டுவந்து குடியேற்றிய செய்தி அது. ஆளுக்கு ஒரு வீடு, ஒரு பங்கு. ஒரு பங்கு என்றால் ஆண்டுக்கு 100 கலம் நெல். நட்டுவனார், மத்தளக்காரர், தையல்காரர், நாவிதர், குயவர் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது.

கூட்டத்தில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள், அதுவரை வாய் திறக்காதவர், கேட்டார்: "ஏந்தம்பி, அந்தப் பொண்ணு செத்துப்போனா அந்த நெல்லு யாருக்கு?"

எத்தனை வருஷமாக இந்தக் கோயிலுக்கு வருகிறேன்! இந்தக் கேள்வியை யாரும் கேட்டுக் கேட்டதில்லை. சுவரில் அதற்குப் பதில் உண்டு. பங்குக்காரர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ, நெருங்கிய உறவினர் அந்த நெல்லைப் பெற்று அந்த வேலையைச் செய்யலாம். அவருக்கு அந்தத் தகுதி இல்லையென்றால், தகுதியுள்ள ஒருவரை வைத்து வேலையைச் செய்வித்து நெல்லைத் தாம் பெறலாம். உறவே இல்லையென்றால், அதே வேலையில் இருக்கும் மற்றவர்கள் கூடித் தகுந்த ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள். சொன்னேன்.

"பரவால்லையே, புள்ளகுட்டிய தெருவுல விடல" என்றார். பிறகு, "அந்தப் பொண்ணுங்க பேரு எதாச்சும் போட்டிருக்கா?"

நானூறும் போட்டிருக்கிறது, விலாசத்தோடு. தெற்குத் தளிச்சேரியின் தென்சிறகு, அதாவது தென்வரிசை, தலைவீடு: திருவையாற்று லோகமாதேவி ஈச்சரத்திலிருந்து வந்த நக்கன் சேரமங்கை. நக்கன் என்பது சிவனுக்கு உரியவர் என்று காட்டும் அடைமொழி. அடுத்த வீடு, நக்கன் இரணமுகராமி. அதே சிறகில் எடுத்தபாதம் என்று ஒருத்தி, சோழகுலசுந்தரி என்று ஒருத்தி.

அந்த அம்மாள் கல்லில் விரலை வைத்து, எழுத்தின் பள்ளத்தை மெல்லத் தடவினார். "சேரமங்கையும் இரணமுகராமியும் ஒரே ஊருக்காரிகளா?" என்று கேட்டார்.

ஆமாம், இருவருமே திருவையாறு, ஒரே கோயில்.

"அப்ப சரி. புது ஊருன்னாலும் பேச்சுத்துணைக்கு ஆள் இருந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, வேன் புறப்படுகிறது என்று யாரோ கூப்பிட, செருப்பைத் தேடிப் போனார்.

(தொடரும்)